சாயம் எதன்மேல் ஒட்டுகிறது?

ஜொகூரின் மாசாய் வட்டாரத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் வயது முதலில் தெரிவது எஞ்சினில்தான். முன்கவசத்தையும் பக்கக் கவர்களையும் கழுவித் துடைத்தால் புதிது போல இருக்கும். அவற்றுக்குக் கீழே குனிந்து பார்த்தால் வெள்ளிச் சாயம் மஞ்சளித்துப் போயிருக்கும். போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும். கிளட்ச் கவரின் ஓரத்தில் சாயம் செதில் செதிலாக எழும்பி நிற்கும். தெற்கே ஜொகூர் நீரிணை, தென்கிழக்கே பாசிர் கூடாங் தொழிற்பேட்டை, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை, இரவானால் 90 விழுக்காட்டுக்கு மேல் ஏறும் ஈரப்பதம் என எல்லாவற்றையும் அந்த எஞ்சின் நாள்தோறும் தாங்குகிறது. விடியுமுன் புறப்பட்டுப் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவரின் மோட்டார் என்றால் மழைக்கும் ஒதுங்காது, வெயிலுக்கும் ஒதுங்காது.

கப்சாய் எனப்படும் சிறு மோட்டார்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 1958இல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா சூப்பர் கப்பின் அமைப்பைத்தான் 1987இல் மலேசியாவுக்கு வந்த இஎக்ஸ்5 பின்பற்றியது. 1996இல் கெடா மாநிலத்தின் குருணில் தயாராகத் தொடங்கிய மொடேனாஸ் கிறிஸ்ஸும் அதே பாணிதான். சிலிண்டர் ஏறத்தாழப் படுத்த நிலையில், முன்சக்கரத்துக்கு நேர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் வாரி இறைக்கும் சேறும் தண்ணீரும் உப்பும் முதலில் போய் விழுவது அங்கேதான்.

இரண்டு டின் ஸ்ப்ரே, ஒரு சனிக்கிழமை, கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டு வாசலிலேயே எஞ்சினுக்குச் சாயம் அடித்துவிடலாம் என்று பலர் இறங்குகிறார்கள். முடியும். ஆனால் அப்படி அடித்த சாயத்தில் பெரும்பகுதி சில மாதங்களில் உரிந்து வருகிறது. உடனே சாயத்தின் தரத்தைத்தான் குறை சொல்வார்கள். என் கணிப்பில், உரிந்த சாயங்களில் பெரும்பாலானவை நல்ல சாயங்களே. அவை உலோகத்தைத் தொடவே இல்லை. சாயம் எதன்மேல் விழுகிறதோ அதன்மேல்தான் ஒட்டும். எண்ணெயின்மேல் விழுந்தால் எண்ணெயில், ஈரத்தின்மேல் விழுந்தால் ஈரத்தில், உளுத்த ஆக்ஸைடின்மேல் விழுந்தால் அந்த உளுத்த பொடியில் ஒட்டும். எண்ணெய் நழுவும்போதும் பொடி உதிரும்போதும் சாயமும் கூடவே போகும்.

ஆகவே அந்த உலோகத்தின் மேற்பரப்பிலிருந்தே தொடங்குவோம்.

எஞ்சினின் கிராங்கேஸும் கவர்களும் பொதுவாக அச்சில் அழுத்தி வார்த்த அலுமினியக் கலவை. அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சிலிக்கன். கொஞ்சம் செம்பும் இருக்கும். சுத்தமாகச் சுரண்டிய அலுமினியம் காற்றுப் பட்ட கணத்திலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து தன்மேல் ஓர் ஆக்ஸைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடித்துக் கரைந்து போகாமல் நிற்பதற்கு அந்த மெல்லிய படலமே காரணம். சாயம் பிடித்துக்கொள்ள நல்ல தளமும் அதுதான்.

அந்தப் படலத்துக்குப் பகை மூன்று. முதலாவது உப்பு. கடல் காற்றில் வரும் குளோரைடு அயனிகள் படலத்தின் பலவீனமான புள்ளிகளில் புகுந்து ஊசிமுனைக் குழிகளைத் தோண்டுகின்றன. குழியிலிருந்து வெளிவரும் அலுமினியம் ஹைட்ராக்ஸைடுதான் நாம் பார்க்கும் வெள்ளைப் பொடி. இரண்டாவது அமிலம், மூன்றாவது காரம். அலுமினியம் இரண்டிலும் கரையும் உலோகம். இதை மறந்துவிட்டு, அடுப்பு கழுவும் நுரையை எஞ்சின்மேல் அடிப்பவர்கள் உண்டு. அந்த நுரைகளில் காஸ்டிக் சோடா இருந்தால் எண்ணெயோடு அலுமினியமும் கரையும், ஹைட்ரஜன் வாயு குமிழியிடும். கலவையிலிருந்த சிலிக்கனும் செம்பும் கரையாமல் எஞ்சி, கறுப்புக் கரியாக மேலே படியும். கழுவிய எஞ்சின் கழுவுவதற்கு முன்பைவிடக் கறுத்துப் போவது இதனால்தான். சக்கர ரிம் கழுவ விற்கும் கடும் அமிலக் கரைசல்களும் வேண்டாம். அவற்றில் சில தோல் வழியே உடம்புக்குள் இறங்கி எலும்பு வரை சேதம் செய்யக்கூடிய ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கொண்டவை.

சாயத்துக்கு அடியிலும் அரிப்பு நடக்கும். சாயத்தில் விழுந்த ஒரு கீறலில் உப்பும் ஈரமும் இறங்கினால், அங்கிருந்து முடியிழை போன்ற கோடுகள் சாயத்தின் அடியிலேயே ஊர்ந்து நீளும். இழையின் தலைப்பக்கம் அமிலத்தன்மையோடு முன்னேறும். வால்பக்கம் வெள்ளைப் பொடி நிரம்பிச் சாயத்தைத் தூக்கும். இந்த இழை அரிப்பு மிகச் செழித்து வளர்வது ஈரப்பதம் 75 முதல் 95 விழுக்காடு வரை இருக்கும் காற்றில். ஜொகூரின் தென்கரையில் ஆண்டின் பெரும்பாலான நாள்களில் அடிப்பது அந்தக் காற்றுதான். எனவே பழைய சாயத்தின் விளிம்பை லேசாகத் தேய்த்துவிட்டு மேலே புதிதாக அடிப்பது இங்கே பலன் தராது. உப்பை வெறும் தண்ணீரால் நன்றாக அலசி வெளியேற்ற வேண்டும். வெள்ளைப் பொடி இருக்கும் இடம் முழுவதும் பளிச்சென்ற உலோகம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். இரும்புக் கம்பிப் பிரஷ் வேண்டாம். அது இரும்புத் துகள்களை அலுமினியத்தில் பதித்து, ஒவ்வொன்றையும் ஒரு குட்டி மின்கலமாக ஆக்கிவிடும். நைலான் உரசுபட்டையும், 240 முதல் 400 வரையிலான உப்புத்தாளும் போதும். தேய்த்த அன்றே சாயம் அடித்துவிட வேண்டும். ஈரக்காற்றில் விட்டுவைத்தால் ஆக்ஸைடு படலம் நீரேறித் தடித்து, வலுவிழக்கும்.

அடுத்தது எண்ணெய்ப் பிசுக்கு. மண்ணெண்ணெயும் டீசலும் பழைய கிரீஸைக் கரைக்கும், ஆனால் தாமும் ஒரு படலமாகத் தங்கிவிடும். அதற்குப் பிறகு பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும், கடைசியில் கரைப்பான். கரைப்பானை நனைத்த துணியால் துடைத்துவிட்டு உலர விடுவது பலரின் வழக்கம். அது எண்ணெயைப் பரப்பும் வேலை. கரைப்பான் ஆவியாகிப் போகும், அதில் கரைந்திருந்த எண்ணெய் முன்பைவிட மெல்லியதாக, முன்பைவிடப் பரவலாக மீண்டும் படியும். ஈரமாக இருக்கும்போதே இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுப்பதுதான் சுத்தம் செய்வது.

சுத்தமாகிவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சாதாரணத் திரவங்களில் இது அதிகம். இவ்வளவு இறுக்கமுள்ள திரவம் ஒரு பரப்பில் விரிந்து படுக்க வேண்டுமானால், அந்தப் பரப்பின் ஈர்ப்பு அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். சுத்தமான ஆக்ஸைடு படலத்துக்கு அந்த ஈர்ப்பு உண்டு. எண்ணெய் படிந்த பரப்புக்குக் கிடையாது. கவரைத் தண்ணீரில் நனைத்துச் சாய்த்துப் பிடியுங்கள். நீர் உடையாமல் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் அந்த இடத்தில் இன்னும் எண்ணெய் இருக்கிறது. விமானத் தொழிலிலும் மின்முலாம் பட்டறைகளிலும் இன்றும் பயன்படும் சோதனை இது. ஒரு காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்தவர்கள் வீட்டில் சாயம் உரிவது குறைவு என்று உறுதியாகச் சொல்வேன்.

வார்ப்பு அலுமினியத்தில் நுண்துளைகள் இருக்கும். ஆண்டுக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்த எஞ்சினில் அந்தத் துளைகளுக்குள் எண்ணெய் ஊறியிருக்கும். மேலே துடைத்துவிட்டாலும், சூடு பட்டதும் உள்ளேயிருந்து கசிந்து வந்து சாயத்தைக் குமிழாகத் தூக்கும். கழற்றிய பாகத்தை ஒருமுறை நன்றாகச் சூடாக்கி, வியர்த்து வரும் எண்ணெயைத் துடைத்து, மறுபடி கழுவுவது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும். சமையலறை அடுப்பு இதற்கு ஆகாது. எண்ணெய், சாயப் புகைகள் உணவு சமைக்கும் இடத்தில் படியக் கூடாது. கேஸ்கெட் வழியாக எண்ணெய் கசியும் எஞ்சின் என்றால் முதலில் கசிவை நிறுத்துங்கள். கசிவின்மேல் அடித்த எந்தச் சாயமும் நிற்காது.

இங்கே ஒரு தனி எதிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் கவர்கள் மினுங்குவதற்கு அடிக்கும் பாலிஷ்களிலும், சிலவகைச் சங்கிலி ஸ்ப்ரேக்களிலும் சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. அதன் மேற்பரப்பு இழுவிசை ஏறத்தாழ 21 மில்லிநியூட்டன்தான். ஸ்ப்ரே சாயத்துக்கு 25 முதல் 30 வரை. தன்னைவிடக் குறைந்த ஈர்ப்புள்ள இடத்தில் எந்தத் திரவமும் பரவாது. சிலிக்கோன் துளி இருக்கும் இடத்திலிருந்து சாயம் நாலாபுறமும் விலகி ஒரு வட்டக் குழியை விட்டுப் போகும். சாயம் அடிப்பவர்கள் இதை மீன்கண் என்பார்கள். சாயம் அடிக்கும் நாளில் அந்த டின்களை வாசல்பக்கமே கொண்டுவர வேண்டாம்.

வியப்பு என்னவென்றால், எஞ்சினில் நிலைத்து நிற்கும் சாயத்தின் உயிரும் அதே சிலிக்கோன் குடும்பம்தான். சாதாரணச் சாயத்தின் முதுகெலும்பு கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி. கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 347 கிலோஜூல் ஆற்றல் தேவை. சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலியில் அது சுமார் 452 கிலோஜூல். அதைவிட முக்கியம், அந்தச் சிலிக்கன் ஏற்கனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டது. சூட்டில் காற்று அதை மேலும் எரிப்பதற்கு அதிகம் இல்லை. கார்பன் சங்கிலி மஞ்சளித்து, நொறுங்கி, கரியாகும் சூட்டில் சிலிக்கோன் ரெசின் அசையாமல் நிற்கும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஃபிரெடெரிக் கிப்பிங் இந்தச் சேர்மங்களை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆராய்ந்தார். 1930களில் ஓய்வு பெறும் காலத்தில்கூட, இவற்றால் நடைமுறைப் பயன் வரும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. 1940இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் யூஜின் ரோச்சோவ், செம்பை வினையூக்கியாக வைத்து மணலிலிருந்து பிரித்த சிலிக்கனோடு மெத்தில் குளோரைடைச் சேர்த்து, இவற்றை மலிவாகச் செய்யும் வழியைக் கண்டார். இன்று கடையில் கிடைக்கும் வெப்பம் தாங்கும் ஸ்ப்ரே டின் அந்த வழியில் வந்தது.

டின்னில் 650 டிகிரி என்று போட்டிருப்பது 260 டிகிரி என்று போட்டிருப்பதைவிட நல்லது என்று நினைத்து வாங்குபவர்கள் ஏராளம். எஞ்சினுக்கு இது தவறான கணக்கு. 650 டிகிரி சாயம் எக்ஸோஸ் குழாய்க்காகச் செய்தது. அதிலுள்ள சிலிக்கோன் ரெசினின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, நீரை வெளியேற்றி, கெட்டிப்பட ஏறத்தாழ 200 டிகிரி சூடு வேண்டும். எக்ஸோஸ் குழாய் அந்தச் சூட்டை எளிதில் எட்டும். காற்றால் குளிரும் எஞ்சினின் சிலிண்டர் ஹெட் 150, 200 டிகிரி வரை போகலாம். கிராங்கேஸோ எண்ணெயின் சூட்டை ஒட்டி 100 டிகிரிக்கு அருகிலேயே நின்றுவிடும். அதன்மேல் எக்ஸோஸ் சாயத்தை அடித்தால் அது ஒருநாளும் முழுதாக வேகாது. நகத்தால் கீறினால் வரும், பெட்ரோல் சொட்டினால் கரையும். கிராங்கேஸுக்கும் கவர்களுக்கும் குறைந்த சூட்டில் இறுகும் எஞ்சின் எனாமல்தான் பொருத்தம். அடியில் சாதாரணப் பிரைமர் போட்டு மேலே வெப்பச் சாயம் அடிப்பதும் இதேபோல வீண். பிரைமர் முதலில் கருகும், மேலிருப்பதும் கூடவே உரியும். டின்னில் எழுதியிருக்கும் சூடேற்றும் முறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுங்கள். வீட்டில் எஞ்சினே அதன் அடுப்பு. முதல் முறை சில நிமிடம் மட்டும் ஓடவிட்டு ஆறவிடுங்கள். பிறகு சற்று நேரம் கூட்டுங்கள். அதன் பின்பே சவாரி.

எந்த நேரத்தில் அடிப்பது என்பது மாசாயில் இருப்பவர்களுக்குத் தனிக் கேள்வி. 30 டிகிரி சூடும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீர் பனித்துளியாக இறங்கத் தொடங்கும். விடியற்காலை 25 டிகிரி, 95 விழுக்காடு என்றால் அந்த எல்லை 24 டிகிரி. அதாவது ஒரே ஒரு டிகிரி இடைவெளி. இரவு முழுக்க வாசலில் கிடந்த அலுமினியம் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அதன்மேல் ஏற்கனவே இருக்கும். போதாததற்கு, ஸ்ப்ரேயிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஈரச் சாயத்தின்மேலேயே பனி இறங்கி, அது பால்போல வெளுத்துப் போகும். உலோகத்தின் சூடு பனி இறங்கும் எல்லையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும் என்பது சாயத்தொழிலின் விதி. இங்கே அதற்கு எளிய வழி உண்டு. பாகத்தை வெயிலில் வைத்து, கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கி, காலை பத்து மணிக்குப் பிறகு நிழலில் வைத்து அடியுங்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிற்பகல் இடிமழை வரும் முன் முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை விடாது பெய்யும் வாரங்களில் தொடங்கவே வேண்டாம்.

டின்னைச் சற்றே வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி எடுத்து, உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று, மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். தடித்த பூச்சின் மேல்தோல் முதலில் காய்ந்துவிடும். அடியில் சிக்கிய கரைப்பான் எஞ்சின் சூடானதும் கொப்புளமாக வெடித்து வெளிவரும். பிளக் துளை, காற்று நுழையும் வாய், கேஸ்கெட் உட்காரும் முகங்கள், மின்சார எர்த் கம்பி இறுக்கும் இடம் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். எஞ்சின் எண் பொறித்த இடத்தைத் தேய்க்காதீர்கள், தடித்த சாயத்தால் நிரப்பவும் கூடாது. வண்டியைக் கைமாற்றும்போது அந்த எண் தெளிவாக இருக்க வேண்டும்.

சாயம் அடித்தால் எஞ்சின் சூடாகிவிடாதா? இந்தக் கேள்விக்கு இயற்பியல் தெளிவாகவே பதில் சொல்கிறது. 50 மைக்ரான் சாயப் பூச்சு வெப்பத்துக்குக் காட்டும் தடை, ஓடும் வண்டியின் ஃபின்களிலிருந்து காற்றுக்கு வெப்பம் போவதிலுள்ள தடையில் சுமார் நூறில் ஒரு பங்குதான். ஒன்றிரண்டு டிகிரிக்குமேல் வித்தியாசம் வராது. ஃபின்களுக்கிடையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சேறு இறுகிக் கிடந்தால் அதன் தடை அதைப்போல இருபது மடங்கு. சேற்றைச் சுரண்டாமல் சாயத்தைப் பற்றிக் கவலைப்படுவதில் பயனில்லை.

நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் நாம் நினைக்கும் விதத்தில் இல்லை. 150 டிகிரியிலுள்ள பொருள் வெளிவிடும் கதிர் அகச்சிவப்புக் கதிர். அந்தக் கதிரின் கணக்கில் கறுப்புச் சாயமும் வெள்ளைச் சாயமும் சிவப்புச் சாயமும் ஒன்றுதான். எல்லாமே முழுத்திறனில் 90 விழுக்காட்டை ஒட்டிக் கதிர் வீசும். வெறும் மெருகேற்றிய அலுமினியம் 10 விழுக்காட்டைத் தாண்டாது. அலுமினியத் துகள் கலந்த வெள்ளிச் சாயம் இரண்டுக்கும் நடுவில், 30 முதல் 50 விழுக்காடு. 1949இல் எட்வர்ட் சீமோர் அமெரிக்காவின் இலினாய்ஸில் முதல் ஸ்ப்ரே சாய டின்னை உருவாக்கியபோது அதில் நிரப்பியதும் இதே அலுமினியச் சாயம்தான். வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குப் பூசுவதற்காக அவர் செய்தது அது. உண்மையில் வெப்பத்தை வெளியே அனுப்ப வேண்டிய பரப்புக்கு அது பொருத்தமான நிறம் இல்லை. மோட்டார் ஓடும்போது வெப்பத்தின் பெரும்பங்கை வீசும் காற்றே எடுத்துச் செல்வதால் வித்தியாசம் அதிகம் தெரியாது. பாலத்தின் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது கதிர்வீச்சின் பங்கு கூடும். சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நிறம் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால், வெள்ளியைவிட மங்கலான கறுப்பையே நான் பரிந்துரைப்பேன்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. தின்னரிலும் ஸ்ப்ரேயிலும் உள்ள டொலுவீனின் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. அது மேலே எழாது, தரையோடு தரையாக ஊர்ந்து போகும். காற்றில் 1.1 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றும். நம் வீட்டு வாசல்களில் சாமி விளக்கு எரியும், மாலையானால் கொசுவர்த்திச் சுருள் புகையும். சாயம் அடிக்கும் அன்று இரண்டும் வேண்டாம். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகக்கவசம் தேவை. கெட்டிப்படுத்தியைக் கலந்து அடிக்கும் இரட்டைச் சாயங்களில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். அதை வீட்டில் அடிக்கவே கூடாது. பழைய சாயத்தை உரிக்கும் களிம்புகளில் டைகுளோரோமீத்தேன் இருந்தால் மூடிய அறையில் திறக்காதீர்கள். அது உடலுக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அடைத்த இடத்தில் வேலை செய்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, மிஞ்சிய தின்னர். 2019 மார்ச் 7ஆம் நாள், இதே பாசிர் கூடாங் வட்டாரத்தில் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பாசிர் பூத்தே பள்ளிகளில் பிள்ளைகள் மூச்சுத் திணறி மயங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு லாரிக் கழிவுக்கும் ஒரு குவளைத் தின்னருக்கும் அளவில் பெரும் வேறுபாடு உண்டு என்பது சரிதான். ஆனால் அந்தக் குவளையில் இருக்கும் பொருளும் அதே இனத்தது. வீட்டு முன் கால்வாய் ஓடிச் சேருவதும் ஜொகூர் நீரிணையில்தான்.

பயன்படுத்திய தின்னரை மூடிய டின்னில் அசையாமல் வையுங்கள். அழுக்கு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த முறை கழுவ எடுத்துக்கொள்ளலாம். அடியில் தங்கிய குழம்பை எஞ்சின் எண்ணெயோடு கலக்காமல் தனி டின்னில் அடைத்து, கழிவை உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்கும் பட்டறையிடம் கேட்டுக் கொடுங்கள். நனைந்த துணிகளைச் சுருட்டிக் குவிக்காமல் வெளியில் விரித்துக் காயவிடுங்கள். கால்வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.